இனிப்பு நீர் பார்க்காத மிஷின்

இனிப்பு நீர் நோயாளிகளைச் சாலையில் மறித்துப் பிடிக்கச் சட்டம் வந்துவிட்டது என்று நான் முழு மனதோடு நம்பினேன். சிரிப்பதற்கு முன் அந்த மேசையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆயர் ஈத்தாம் தாண்டி போலீஸ் ரோட் புளோக். கூடாரத்துக்குக் கீழே ஒரு கையடக்கக் கருவி, பக்கத்தில் மெல்லிய சின்னப் பட்டைகள். தினமும் காலையில் என் விரலில் குத்தி ரத்தத்தில் சர்க்கரை பார்க்கிற கருவிக்கும் அதே ஜாடை.

மச்சான் குமார் (மனைவியின் தம்பி, கார் அவனுடையது) ஓரங்கட்டினான். நான் இறங்கிப் போய், யாரும் கேட்காமலேயே விரலை நீட்டினேன்.

“சீனி கம்மியா ஒரே ஒரு தே தாரிக்தான்மா குடிச்சேன்.”

கருவியோடு நின்ற தமிழ்ப் பெண், பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவராம், சிரிக்கவில்லை. “விரலை மடக்குங்கண்ணே. இது போதைப்பொருள் பாக்குற மிஷின். தூளைக் கரைச்சுப் பட்டையில ஒரு சொட்டு விட்டு, கொஞ்சமா கரண்ட் குடுப்போம். ஒவ்வொரு சரக்குக்கும் ஒவ்வொரு மாதிரி கோடு எழும்பும்.”

அதே நேரம் ஒரு போலீஸ்காரர் எங்கள் காரின் டாஷ்போர்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துவந்து மேசையில் வைத்தார். வெள்ளைத் தூள். இது யாருடையது என்று மலாயில் கேட்டார்.

இந்த நாட்டில் இந்த விவகாரம் தூக்குவரை போகும். என் கழுத்தை நானே ஒருமுறை தடவிக்கொண்டேன்.

“என் மச்சானுடையது, துவான்” என்றேன், மலாயில், மரியாதையாக. (பள்ளியில் மலாய்த் தேர்வில் தோற்றவன் நான். அன்று ஓர் இலக்கணப் பிழை இல்லை.)

“மாமா!” என்றான் குமார்.

“பேசாதடா. உன் சேர்க்கை சரியில்லன்னு உங்க அக்காகிட்ட அப்பவே சொன்னேன்.”

காரின் முன்பக்கத்தில் கையை வைத்து நிற்கச் சொன்னார்கள். குமார் நின்றான். மறுவாரம் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர வேண்டியவன். முகத்தில் ரத்தமே இல்லை. நான் இரண்டடி தள்ளி, உறவு தெரியாத தூரத்தில் நின்றுகொண்டேன்.

அந்தப் பெண் பட்டையில் சொட்டு விட்டார். திரையில் கோடு ஊர்ந்தது. ஒரு நிமிடம் இருக்கும். அதற்குள் குலதெய்வத்திடம் வேண்டிக்கொண்டேன், என் ஒருவனுக்காக மட்டும்.

கோடு எழும்பவில்லை.

“போதைப்பொருள் எதுவும் காட்டல. ஆனா இது என்ன தூள்னு மிஷினுக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்” என்றார் அவர்.

நான் குமாரைப் பார்த்தேன். குமார் காரிலிருந்து கையை எடுக்காமலேயே சொன்னான். “கேரம் பவுடருங்க. குளுவாங்ல மேட்ச் இருக்கு.”

இன்றும் வீட்டில் கறி தீய்ந்தாலும் கண்ணாடி உடைந்தாலும், யார் வேலை என்று கேட்டால், “என் மச்சானுடையது, துவான்” என்பாள் என் மனைவி, பிழையில்லாத மலாயில். குமாரும் சேர்ந்து சிரிப்பான்.

குமாருக்குக் கேரம் ஆடத் தெரியாது. அன்று காலை அந்தப் பொட்டலத்தை டாஷ்போர்டில் வைத்தவன் நான்.