மண் டாக்டரின் கொழிஞ்சிச் செடிகள்

தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே ஜி.எஸ்.டி. ரோட்டில் எத்தனையோ பேர் எத்தனையோ காரணத்துக்காக அடி வாங்கியிருப்பார்கள். செடியைப் பிடுங்கி அடி வாங்கிய ஒரே எம்.எஸ்ஸி. பட்டதாரி எங்கள் மண் டாக்டர்தான். இன்னொருத்தரைக் காட்டுங்கள், என் பேரை மாற்றிக்கொள்கிறேன்.

நான் அப்போது பொத்தேரியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தேன். கூட இருந்தவன் டில்லி, பைக் மெக்கானிக். நானோ ஒரு கார் சர்வீஸ் சென்டரில், வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்குவதற்கென்றே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஆள் வேண்டும் என்று கேட்டில் எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இவர் இரண்டு சாக்கு மூட்டைகளோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

டில்லி ஓடிப்போய் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டான். ஊர் அரிசி வந்துவிட்டது என்று அவனுக்கு வாயெல்லாம் பல். நேராகச் சமையலறையில் கொண்டுபோய் அவிழ்த்தான். உள்ளே சாம்பல் நிறத்தில் மண்.

"இன்னா சார் இது? ஊர்லேந்து வர்றவன் அரிசி எடுத்துகினு வருவான், முறுக்கு எடுத்துகினு வருவான். நீ மண்ண எடுத்துகினு வந்துகீற?"

"தொடாதீங்க, சுரங்க மண்ணுங்க. நிக்கல், குரோமியம் எல்லாம் இருக்கு. வாயில பட்டா வெசம்."

"வெசமா? சோறாக்குற எடத்துல வெசமா? பேஜாரா பூட்ச்சே!"

டில்லி பாத்திரம் தேய்க்கிற சோப்பில் ஏழு தடவை கை கழுவினான். எட்டாவது தடவை கழுவும்போது "மண் டாக்டர்" என்று பெயர் வைத்தான். பல்கலைக்கழகம் ஆறு வருஷமாக இழுத்தடித்த பிஎச்.டி. பட்டத்தை அவன் ஆறு நிமிஷத்தில் கொடுத்துவிட்டான்.

அதில் ஒரு வம்பு. கீழ் வீட்டு ஓனர் அக்கா, 'டாக்டர் குடி வந்திருக்கிறார்' என்று கேள்விப்பட்டு மூட்டு வலியோடு படியேறி வந்தார். "நான் அந்த டாக்டர் இல்லீங்க அக்கா. சொல்லப்போனா இன்னும் எந்த டாக்டருமே இல்லீங்க" என்று இவர் சொன்னார். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே திரும்ப இறங்கிப் போனார்.

அவருடைய ஆராய்ச்சி இதுதான். பயறு வகைச் செடிகளின் வேரில் மிளகு மிளகாகச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அதில் குடியிருக்கிற பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனை, அதாவது தழைச்சத்தை, எடுத்துச் செடிக்குக் கொடுக்கும். நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்து, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்த சமாச்சாரம். அவர் மறக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். உலோகம் ஏறி விஷமாகிப்போன சுரங்க மண்ணிலும் சாகாமல் வேலை செய்கிற பாக்டீரியாவை அவர் தேடிக்கொண்டிருந்தார்.

தேடுவது என்றால் கண்ட இடத்தில் தேடுவார். எந்தப் பயறுச் செடியைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது. பிடுங்குவார், முடிச்சை பிளேடால் இரண்டாக வெட்டுவார், உள்ளே ரோஸ் நிறமா என்று பார்ப்பார். ரோஸ் என்றால் பாக்டீரியா வேலை செய்கிறது என்று அர்த்தமாம். ஓனர் அக்கா ஆசை ஆசையாக வளர்த்த அவரைக் கொடிக்கும் அந்தக் கதி வந்தது.

"பாத்தீங்களா அக்கா, ரத்தம் மாதிரி ரோஸ் கலர்! உங்க செடி ரொம்ப ஆரோக்கியமா இருக்கு!"

"இருந்துச்சு" என்றார் அக்கா.

அடி விழுந்தது வண்டலூரில், ரோட்டோரத்து ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் சங்குப்பூக் கொடி விட்டிருந்தார்கள். அதுவும் பயறு இனம்தானாம், நமக்கு எங்கே தெரியும்? முகூர்த்த நேரத்தில் ஒரு ஆள் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வேரைப் பிடுங்கி பிளேடால் நறுக்கிக்கொண்டிருந்தால் பெண்ணின் தாய்மாமன் என்ன நினைப்பார்? சூனியம் என்றுதான் நினைப்பார். அவர் விளாசிக்கொண்டிருக்கும்போதே, "சார், ஒரு நிமிஷம், இது வெறும் நைட்ரஜன் சார்!" என்று இவர் விளக்கம் கொடுத்தார். பிறகு அதற்கும் சேர்த்து விழுந்தது.

சிரிக்கிற சமாச்சாரம் இதோடு சரி.

அவர் ஊரில் மூடிப்போன ஒரு சுரங்கம் இருந்தது. அவர் அப்பா அங்கே லாரி ஓட்டியவர். சுரங்கக் கழிவு மண்ணை ஊர் ஓரத்தில் மலை மாதிரி கொட்டியதில் அவர் லாரிக்கும் பங்கு உண்டு. மழைக்கு அது கரைந்து இறங்கிய இடம் அவர்களுடைய சொந்த வயல். அதன்பிறகு அங்கே புல்கூட முளைக்கவில்லை. அந்தக் கழிவு மேட்டின் உச்சியில் ஒற்றைக் கொழிஞ்சிச் செடி, அதுவும் பயறு இனம்தான், யாரும் வைக்காமல் நின்றுகொண்டிருந்ததை இவர் பார்த்திருக்கிறார். பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சு, உள்ளே ரோஸ்.

"அப்பா கொட்டின மண்ணுல நான் ஒரு செடியாவது வெச்சுக் காட்டணும் தம்பி. அவர் கண்ணை மூடறதுக்குள்ள" என்பார்.

ஆனால் அந்த பாக்டீரியாவைச் சோதனைக்கூடத்துக் குழாயில் போட்டு வளர்த்ததில், வேரில் முடிச்சுப் போடவே அதற்கு மறந்துபோய்விட்டது. "நல்லா சாப்பாடு போட்டு வளர்த்தேன் தம்பி. சொகுசு கண்டுடுச்சு, வேலை செய்யமாட்டேங்குது" என்று ஒருநாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதார். "எங்க மச்சான் மேரின்னு சொல்லு" என்றான் டில்லி. அவர் சிரிக்கவில்லை. மறுபடி மேட்டுக்குப் போகலாம் என்றால் அதற்குள் சுற்றிலும் வேலி போட்டு, உள்ளே விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மிஞ்சியது சமையலறையை அலற வைத்த அந்த இரண்டு மூட்டை மண்தான். அதற்குள் எங்கேயோ அந்த பாக்டீரியா இன்னும் இருக்கும் என்று நம்பினார்.

இருபத்து நான்கு ஐஸ்கிரீம் கப்பில் அந்த மண்ணை நிரப்பிக் கொழிஞ்சி விதைத்து மொட்டை மாடியில் வைத்தார். ஏற்கெனவே இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. அடுத்த மாசக் கடைசிக்குள் முடிவைக் காட்டாவிட்டால் பதிவு ரத்து என்று அவருடைய கைடு கடிதமே கொடுத்துவிட்டார். செடி இரண்டு இலை விட்ட நேரம் பார்த்து ஊரிலிருந்து போன். அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன், மூன்று வாரமாவது இவர் கூட இருந்தாக வேண்டும்.

செடிகளை என் கையில் ஒப்படைத்தார். "ஒரு கப்புக்கு ஒரு மூடி தண்ணி. வேற ஒண்ணும் வேண்டாம். வாடினாலும் சரி, மஞ்சளானாலும் சரி, நீ ஒண்ணும் பண்ணாதே."

"ஒண்ணும் பண்ணாம இருக்கிறதுல நான் கில்லாடிண்ணா."

அந்தக் கில்லாடித்தனம் பத்து நாள்கூடத் தாங்கவில்லை. செடிகள் மஞ்சளாகத் தொடங்கின. தினமும் காலையில் மாடிக்குப் போவேன், நேற்றைவிட மஞ்சளாக இருக்கும். அங்கே அப்பா ஐ.சி.யூ.வில். மண் டாக்டர் அதன் வாசலில் நின்றபடி போன் பண்ணி, "செடி எப்படி இருக்கு தம்பி?" என்பார். எந்த வாயால் மஞ்சள் என்று சொல்வது? "சூப்பரா இருக்குண்ணா" என்றேன். சொன்ன பொய்யை நிஜமாக்கியாக வேண்டுமே என்று வண்டலூர் ரோட்டோர நர்சரிக்கு ஓடினேன்.

"கொஞ்சூண்டு யூரியா கரைச்சு ஊத்து தம்பி. ஒரே வாரத்துல கும்முனு வரும்" என்றார் நர்சரிக்காரர்.

வந்தது ஐயா! பச்சைப் பசேல் என்று வந்தது. "சும்மா தளதளன்னு கீதுபா" என்று டில்லியே அசந்துபோனான். நான் மாடியில் ராஜா மாதிரி உலாத்தினேன்.

மூன்று வாரம் கழித்து அவர் வந்தார். பையைக்கூடக் கீழே வைக்காமல் மாடிக்கு ஏறினார். "அப்பா பொழைச்சுக்கிட்டார் தம்பி. செடி நல்லா வந்துடுச்சுன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கப்புகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். எனக்குப் பாராட்டு வரப்போகிறது என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். முதல் செடியைப் பிடுங்கி, அலசி, வேரை உள்ளங்கையில் விரித்துப் பார்த்தார். "இல்ல." இரண்டாவதைப் பிடுங்கினார். "இல்ல." இருபத்து நான்கையும் பிடுங்கினார். எல்லா வேரும் நீளமாக, வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. ஒரு முடிச்சு இல்லை.

"செடி சோக்கா கீதே சார், இன்னாத்துக்குப் புடுங்குற?" என்றான் டில்லி.

"பசிச்சாத்தாங்க செடி பாக்டீரியாவைக் கூப்பிடும். மஞ்சளாகுது பாருங்க, அது கூப்பிடுற நேரம். இதுக்கு வயிறு நெறஞ்சிருக்கு. யாரையும் கூப்பிடல."

"அண்ணா, நான்தான் யூரியா போட்டேன்" என்றேன்.

அவர் நிமிர்ந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"எவ்வளவு?"

"ரெண்டு ஸ்பூன். ஒரு வாளித் தண்ணில."

"எத்தனை தடவை?"

"மூணு."

எழுதிக்கொண்டார். தேதியும் போட்டார். டில்லிதான் "ஏன்டா சோமாரி, அவுரு படிச்சு படிச்சு சொல்ட்டுத்தானே போனாரு!" என்று என்னை அடிக்க வந்தான். அவர் குறுக்கே வந்து தடுத்தார்.

"மறுபடி விதைக்கலாமேண்ணா" என்றேன்.

"ஆறு வாரம் வேணும் தம்பி. கையில பதினொரு நாள்தான் இருக்கு."

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் இன்னும் நல்லது. ஒன்றும் செய்யவில்லை. பதினொரு நாளும் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பதிவு ரத்தானது. அப்பாவிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, இன்று வரைக்கும் கேட்கவில்லை. யாருக்காவது நல்லது செய்யலாம் என்று நினைத்தாலே இப்போதெல்லாம் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொள்கிறேன்.

கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் வழியனுப்பப் போனேன். ஊர்ப் பக்கம் கோழித்தீவனக் கம்பெனி ஒன்றில் வேலை என்றார். பஸ் கிளம்பும் நேரத்தில் ஜன்னல் வழியாக நான்காக மடித்த ஒரு தாளை நீட்டினார்.

"நன்றியுரைப் பக்கம் தம்பி. இதை மட்டும் ஆஸ்பத்திரியில இருந்தப்பவே டைப் பண்ணி வெச்சிருந்தேன். தீசிஸ் இல்லாம இதை நான் வெச்சு என்ன பண்றது? உன் பேர் இருக்கு, நீயே வெச்சுக்கோ."

"அண்ணா, நான் பண்ணின காரியத்துக்கு..."

"அடிக்கணும்னு தோணல" என்றார். தாளில் இருந்த என் பெயரைத்தான் சொன்னார்.

பஸ் போனபிறகு பிரித்துப் பார்த்தேன். கைடு, பல்கலைக்கழகம், அப்பா, அம்மா. கடைசி வரியில் நான். மூன்று வாரம் செடிகளைப் பார்த்துக்கொண்டதற்காக "என் தம்பி" என்று போட்டு, அதற்குப் பக்கத்தில் என் பெயர். நான் எங்கள் வீட்டுக்கு ஒரே பிள்ளை.