பொட்டு வைத்த மணல்தொட்டி

ஒரு காட்டில் ஒரு கரடி வாடகைக்குக் குடியிருந்தாள். கதைகளில் வரும் கரடிகளுக்கெல்லாம் குகை சும்மா கிடைத்துவிடுகிறது. செண்பகத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஓடைக்குப் பக்கத்தில், காலை வெயில் நேரே உள்ளே வந்து விழும் அருமையான குகைதான். ஆனால் அது ஏகாம்பரம் என்ற காட்டுப்பன்றிக்குச் சொந்தம். வீட்டுக்காரர் ஆயிற்றே, காடே அவரைப் 'பன்றியார்' என்று மரியாதையாகத்தான் சொல்லும்.

செண்பகத்தோடு மாசிலாமணி என்ற பூனையும் இருந்தான். போன மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றவனை, "முதல்ல உள்ள வாடா, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்று கூட்டிக்கொண்டாள். அப்புறம் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. தேன்பானையை எலிகள் நக்குவது நின்றது. பேச்சுத்துணைக்கு ஓர் ஆள் கிடைத்தது. கூடப் பிறந்த தம்பி இருந்திருந்தால்கூட இவ்வளவு ஆசையாக அக்கா என்று கூப்பிடுவானா என்பது செண்பகத்துக்குச் சந்தேகம்.

அந்தப் பக்கம் செந்நாய்கள் நடமாட ஆரம்பித்தன. மாசிலாமணி அவசரத்துக்கு வெளியே போய் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று செண்பகம் சந்தையில் ஒரு மரத்தொட்டி வாங்கி வந்தாள். ஆற்றுமணலைச் சலித்து நிரப்பினாள். புதுச் சாமான் எது வந்தாலும் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அம்மிக்கல்லோ, உலக்கையோ, சந்தனம் தடவிக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டாமல் புழங்க விடமாட்டாள். தொட்டிக்கும் நாலு பக்கமும் பொட்டு வைத்தாள். மாசிலாமணி பக்கத்தில் நின்று பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

அன்று சாயங்காலமே வாசல் மிதியடியில் மூத்திரம் போனான்.

"புதுசுல்ல, போகப் போகப் பழகிடும்" என்று செண்பகம் மிதியடியை அலசிப் போட்டாள். மறுநாள் அவள் படுக்கும் சருகுமெத்தை நனைந்தது. பிறகு தேன்பானையின் அடி. பிறகு குடை. தொட்டியில் மட்டும் மணல் சலித்து வைத்தபடி அப்படியே இருந்தது. குகைக்குள் மூச்சு விட முடியவில்லை.

வாடகை வாங்க வந்த பன்றியார் வாசலிலேயே நின்றார். வரும் வழியில் சேற்றில் நன்றாகப் புரண்டு எழுந்து, உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட வந்தவர், மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னம்மா இது நாத்தம்? மனுஷன் வர முடியுதா? அடுத்த வெள்ளிக்கெழம வருவேன். நாத்தம் போயிருந்தா இருங்க. இல்லேன்னா பூனையத் தொரத்திடு. அதுவும் முடியாதுன்னா ரெண்டு பேரும் காலி பண்ணுங்க. மழக்காலமாச்சேன்னு பாவம் பாக்கறவன் நான் இல்ல."

மாசிலாமணியை எப்படித் துரத்துவது? மழையில் எங்கே போய் நிற்பது? செண்பகத்துக்கு அன்று தேன் இறங்கவில்லை. நேரே நரி சாந்தமூர்த்தியிடம் போனாள். பூனைகளின் பழக்க வழக்கத்துக்கு ஆலோசகர் என்று புளியமரத்தில் பலகை மாட்டி வைத்திருந்தவர் அவர்.

நரி வந்து குகையைச் சுற்றிப் பார்த்தார். மாசிலாமணியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்.

"மணல் சரியில்லம்மா. பாதத்துல உறுத்தும். மாவு மாதிரி மணல் போடுங்க."

மாவு மாதிரி மணல் வந்தது. புது மணல் அல்லவா, செண்பகம் சூடம் காட்டிப் பொட்டு வைத்தாள். மாசிலாமணி தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிக் கும்பிட்டுவிட்டு மெத்தைக்குப் போனான்.

"தொட்டி இருக்கற எடம் சரியில்ல" என்றார் நரி. இடம் மாற்றினார்கள். புது இடத்துக்கு ஓர் எலுமிச்சம்பழம், ஒரு பொட்டு. "மூடி போட்ட தொட்டிதான் இப்ப எல்லாரும் வாங்கறாங்க. உள்ள போனா அதுவே பாட்டுப் பாடும்" என்றார். அதையும் வாங்கினாள். இவ்வளவு நல்ல பொருளுக்கு வெறும் பொட்டு போதுமா என்று செவ்வந்தி மாலையும் சாத்தினாள். தொட்டி பாட ஆரம்பித்ததும் மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து கடைசி வரை கேட்டான். கேட்டு முடித்துவிட்டுக் குடையை நனைத்தான்.

அவனிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. கேட்டே தெரிந்துகொள்வதென்றால் ஆலோசகர் எதற்கு?

கடைசியாக நரி குரலைத் தாழ்த்தினார். "பட்டணத்துல ஒரு வைத்தியம் இருக்கு. எவனும் ஒண்ணுக்குப் போகக் கூடாதுன்னா மதில்சுவத்துல சாமி படம் ஒட்டிடுவாங்க. அப்புறம் ஒருத்தன் நிக்க மாட்டான்." ஒரு கட்டுப் படத்தையும் அவரே கொடுத்தார்.

செண்பகம் மெத்தைக்கு மேல் ஒரு படம் ஒட்டினாள். மெத்தை நனையவில்லை! தேன்பானையில் ஒட்டினாள், குடையில் ஒட்டினாள், மிதியடிக்கு எதிரிலும் ஒட்டினாள். அவ்வளவுதான், எங்கும் ஒரு சொட்டு இல்லை. தரையைத் தேய்த்துக் கழுவி சாம்பிராணி போட்டாள். குகை கோயில் மாதிரி மணத்தது. நாளைக்கு வெள்ளிக்கிழமை, பன்றியார் தாராளமாக வரட்டும் என்று நிம்மதியாக உட்கார்ந்தாள்.

அப்போதுதான் மூலையில் முனகல் கேட்டது. மாசிலாமணி குறுகிப்போய் உட்கார்ந்திருந்தான். எழுந்து ஓர் இடத்துக்குப் போவான், படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வான், அடுத்த இடத்துக்குப் போவான். அவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். கல்லாக இருந்தது. செண்பகம் பதறிப்போய் அவனை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டாள்.

"ஏன்டா இப்படிப் பண்ற? உனக்கு என்னதான்டா வேணும்?"

மாசிலாமணி அழுதுவிட்டான். "நான் என்னக்கா பண்ணுவேன்? தொட்டியில பொட்டு வச்சு, சூடம் காட்டி, மாலையெல்லாம் போட்டிருக்கீங்க. எங்கம்மா என்னை அப்படியா வளத்தாங்க? அதுல போய் எப்படிக்கா..."

செண்பகத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மாலையைக் கழற்றினாள். பொட்டையெல்லாம் ஈரத்துணியால் துடைத்தாள். மாசிலாமணி ஒரே பாய்ச்சலில் தொட்டிக்குள் போனான். தொட்டி ஒரு பாட்டை முழுசாகப் பாடி முடித்து, இன்னொன்றைத் தொடங்கிய பிறகுதான் வெளியே வந்தான். இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள்.

இங்கேயே நிறுத்தினால் ஒரு நல்ல நீதியை எழுதிப் பிள்ளைகளை விளையாட அனுப்பிவிடலாம். ஆனால் வெள்ளிக்கிழமை பன்றியார் வந்தாரே!

வந்தவர் மூக்கை உறிஞ்சினார். இன்னொரு தடவை உறிஞ்சினார். உள்ளே வந்து சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அடேயப்பா, என் குகையாம்மா இது? என் பையனுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். பொண்ணு தனிக்குடித்தனம்தான் வேணுங்குது. நல்ல எடத்துக்கு எங்கடா போறதுன்னு காடெல்லாம் அலைஞ்சிட்டிருந்தேன். கையிலயே வச்சுக்கிட்டு அலைஞ்சிருக்கேன் பாரு! சீக்கிரம் காலி பண்ணிக் குடுத்திடுங்க."

செண்பகத்துக்குத் தலை சுற்றியது. "நாத்தம் போனா இருக்கலாம்னு நீங்கதானேங்க சொன்னீங்க?"

"சொன்னேன். நாத்தம் இருந்தப்போ இங்க வேற எவன் வருவான்? இப்ப அப்படியா? நாளைக்கே மருமகளக் கூட்டிட்டு வந்து காட்டறேன்."

அவர் போன பிறகு செண்பகம் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அவர் சொன்னதையே திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். சாமி படங்களை ஒவ்வொன்றாகப் பத்திரமாக எடுத்துப் பரணில் வைத்தாள். குங்குமச்சிமிழைத் திறந்து தொட்டியின் நாலு பக்கமும் பெரிய பெரிய பொட்டாக வைத்தாள். ஒரு சட்டி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து மாசிலாமணியின் முன்னால் வைத்தாள்.

"குடிடா தங்கம். வயிறு நிறையக் குடி."

மாசிலாமணி தொட்டியைப் பார்த்தான், வெறுஞ்சுவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "எங்க வேணாலுமாக்கா?"

"எங்க வேணாலும்."

மறுநாள் வந்த வருங்கால மருமகள் வாசலைத் தாண்டவில்லை. "மாமா, இதுல குடித்தனம் பண்றதுக்கு நான் எங்கம்மா வீட்டுச் சேத்துலயே இருந்துக்கறேன்" என்று திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். செண்பகம் மூட்டையைத் தலையில் தூக்கி வைத்தாள்.

"நாங்க கிளம்பறோங்க. நாத்தம் போகவே மாட்டேங்குது. உங்க பேச்ச மீறி இருக்கறது நல்லா இல்ல."

பன்றியாருக்கு வியர்த்துவிட்டது. மருமகளே வேண்டாம் என்று ஓடிய குகைக்கு வேறு யார் வாடகை கொடுப்பார்கள்? "அட, என்னம்மா நீ, ஒரு பேச்சுக்குச் சொன்னா உடனே மூட்டையக் கட்டிட்டியே! எறக்கு, எறக்கு. உங்களுக்கு எப்ப வரைக்கும் இருக்கணுமோ இருங்க. வாடகையக்கூட ஏத்தல, போ."

மூட்டை இறங்கியது. பன்றியார் ஓடையைத் தாண்டியதும் செண்பகம் ஈரத்துணியை எடுத்துப் பொட்டைத் துடைத்தாள், தரையைக் கழுவினாள். அன்றிலிருந்து குகை மணக்க மணக்க இருக்கிறது. ஓடைத் திருப்பத்தில் பன்றியாரின் காது தெரிந்தால் மட்டும் அவள் குங்குமச்சிமிழைத் தேடுவாள். மாசிலாமணி தானாகவே தண்ணீர்ச்சட்டிப் பக்கம் போய்விடுவான்.

நீதி: வாடகை வீட்டில் குறையைத் தீர்க்கத் தெரிந்திருக்க வேண்டும், தீர்ந்துவிட்டது என்று வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது.