கொடி இறங்குவதற்குள் அவிழ வேண்டிய முடிச்சு

என் வாழ்க்கையில் நான் ஒரே ஓர் உயிரைத்தான் காப்பாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர் அதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

ஐம்பதுகளின் நடுவில் செங்கல்பட்டில் மூன்றாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன். பல்லி என்றால் பயம், ரயில் இன்ஜின் என்றால் பயம், கணக்கு டீச்சர் என்றால் பயம். (எனக்குப் பயந்த ஜீவன் ஒன்றுகூட இல்லை.) இப்படிப்பட்டவள் சாரணியர் படையில் சேர்ந்ததற்கு தேசபக்தி காரணமில்லை, பித்தளைச் சின்னம்தான் காரணம். மூன்று இலை விரிந்த மாதிரி இருக்கும். என் தோழி சரோஜா அதைப் புளி போட்டுத் தேய்த்து நெஞ்சில் குத்திக்கொண்டு வந்தால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். என்னை அதுவரை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

சதுரங்கப்பட்டினத்தில் சவுக்குத் தோப்பில் முகாம் போட்டோம். பக்கத்திலேயே டச்சுக்காரர்களின் இடிந்த கோட்டை. உள்ளே கல்லறைகள், கல்லில் மண்டையோடு செதுக்கியிருக்கும். சரோஜா முதல் நாளே என்னைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டாள். அதற்குப் பிறகு நான் எங்கேயும் தனியாகப் போகவில்லை. (எங்கேயும் என்றால் எங்கேயும்தான். சரோஜா பாவம்.)

மறுநாள் காலை, கொடிக்குக் கீழே நின்று மூன்று விரலை உயர்த்தி வாக்குக் கொடுத்தேன். எங்கள் கேப்டன் எஸ்தர் டீச்சர் சின்னத்தைக் குத்திவிட்டு, சாரணியர் வழக்கப்படி இடது கையால் கைகுலுக்கினார்.

"கோமதி, மூணு இலையும் மூணு வாக்கு. கடவுளுக்கு ஒண்ணு, நாட்டுக்கு ஒண்ணு, மத்தவங்களுக்கு ஒண்ணு. வாக்கு தவறினா இதைக் கழட்டிக் கொடுத்துடணும்."

அதோடு விட்டாரா? கழுத்தில் கட்டிய ஸ்கார்ப்பின் நுனியில் ஒரு முடிச்சும் போடச் சொன்னார். யாருக்காவது ஓர் உதவி செய்த பிறகுதான் அதை அவிழ்க்கலாம். சாயங்காலம் கொடி இறக்கும்போது எவள் ஸ்கார்ப்பிலும் முடிச்சு இருக்கக் கூடாது.

இருபது சொச்சம் பெண்கள், ஒரு சின்னக் குப்பம். ஊர் என்ன பாடுபட்டிருக்கும் என்று பாருங்கள். கிணற்றடியில் குடத்துக்கு மூன்று பேர். தபால்காரரின் சைக்கிளை நான்கு பேர் தள்ளி, அவர் எந்த வழியாக வந்தாரோ அந்த வழியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மத்தியானத்துக்குள் வீடுகளின் கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள்.

"இன்னாடி இதுங்க, வேணான்னாலும் வுட மாட்டேங்குதுங்க!" என்று ஓர் அம்மாள் தன் குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னிடமிருந்து ஓடினாள். அதுதான் என் கடைசி வாய்ப்பு.

வெயில் சாய்ந்தபோது முகாமில் முடிச்சு அவிழாதவள் நான் ஒருத்திதான். காலையில் குத்திய சின்னத்தை மாலையில் எல்லார் முன்னாலும் கழற்றுவது கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போனது. உதவி கேட்கும் ஜீவன் ஏதாவது இருக்காதா என்று மண்டையோட்டுப் பயத்தையும் மறந்து தனியாகவே கடற்கரைக்கு நடந்தேன்.

இருந்தது. கட்டுமரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் குப்புறக் கிடந்தார். முதுகெல்லாம் மணல். ஒரு கை தண்ணீரைப் பார்த்து நீண்டிருந்தது. அதன்மேல் ஈ உட்கார்ந்தும் அசையவில்லை.

ஓடத்தான் நினைத்தேன். கால் வரவில்லை. கத்தலாம் என்றால் தொண்டையில் காற்றுதான் வந்தது. கோட்டையில் பார்த்த அத்தனை மண்டையோடும் எழுந்து வந்து என் பின்னால் நிற்கிற மாதிரி இருந்தது. கால் கட்டை விரலால் அவர் விலாவை லேசாகத் தொட்டேன். சில்லென்று இருந்தது. (ஈர வேட்டியைத் தொட்டிருக்கிறேன். அது அப்போது தெரியவில்லை.)

தண்ணீரில் மூழ்கியவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு முந்தின வாரம்தான் தலையணையை வைத்துப் பழகியிருந்தோம். குப்புறப் போட வேண்டும். அவரே போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் முழங்கால் ஊன்றி, விலாவில் கை வைத்து, முழு பலத்தோடு அமுக்க வேண்டும், விட வேண்டும். மூச்சு வரும்வரை, அல்லது டாக்டர் வரும்வரை, நிறுத்தவே கூடாது.

கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். அமுக்கு, விடு. அமுக்கு, விடு. பல் கிட்டித்தது. முருகனைக் கூப்பிட்டேன், பிள்ளையாரைக் கூப்பிட்டேன், அவசரத்துக்கு எஸ்தர் டீச்சரின் ஏசுவையும் கூப்பிட்டேன். நிறுத்தாமல் அமுக்கினேன்.

அப்போது பிணம் பேசியது.

"ம்ம்... இன்னும் கொஞ்சம் மேல... அங்கதான் கண்ணு... நல்லா ஏறி மிதி."

என் ரத்தமெல்லாம் பாதத்துக்கு இறங்கிவிட்டது. ஆபத்து வந்தால் கழுத்தில் தொங்கும் விசிலை ஊது என்று சொல்லியிருந்தார்கள். ஊதினேன். அவருடைய காதுக்கு ஒரு சாண் தூரத்தில் ஊதினேன்.

மனிதர் என்னை உதறிக்கொண்டு எழுந்தார். திரும்பிப் பார்த்தார். என் சீருடையின் பெல்ட் தெரிந்தது, விசில் தெரிந்தது. மதுவிலக்குப் போலீஸ் குப்பம் குப்பமாகச் சோதனை போட்ட காலம் அது. "ஐயோ!" என்று ஓர் அலறல். நேராகக் கடலுக்குள் ஓடினார்.

காப்பாற்றியவர் கண்ணெதிரே மறுபடியும் மூழ்கப் போகிறாரே! நான் விடாமல் ஊதினேன். விசில் கேட்டு மொத்தப் படையும் கம்பு, கயிறு, போர்வையோடு ஓடிவந்து கரையில் வரிசையாக நின்றது. அத்தனை பெல்ட்டைப் பார்த்ததும் அவர் கழுத்தளவு தண்ணீருக்குப் போய்விட்டார்.

"நான் ஒண்ணியும் குடிக்கல சாமி! மண்ணுல பொதச்ச பானை என்னுது இல்ல!"

பானையைப் பற்றி யாருமே கேட்கவில்லை.

குப்பத்திலிருந்து அவர் மனைவி பட்டம்மா வந்தாள். எஸ்தர் டீச்சர் விஷயத்தைச் சொன்னதும் மணலில் உட்கார்ந்து சிரித்தாள்.

"செத்துட்டாருன்னா? அவரா? முதுகு புடிச்சிகினு நிமிர முடியாம கெடந்தாரும்மா. எம் பொண்ணுதான் டெய்லி ஏறி மிதிக்கும், அதுன்னு நெனச்சிகினாரு." கடலைப் பார்த்துக் கத்தினாள்: "யோவ், போலீசு இல்லய்யா! இஸ்கூல் புள்ளைங்க! வெளிய வா!"

"அப்போ பெல்ட்டு இன்னாத்துக்கு?" என்று கடலிலிருந்து பதில் வந்தது. நியாயமான கேள்விதான்.

தயங்கித் தயங்கிக் கரையேறினார். மன்னிப்புக் கேட்க வேண்டுமே என்று காலையில் கற்ற மரியாதைப்படி இடது கையை நீட்டினேன்.

"பாரு, பீச்சாங்கைய நீட்டுது!" என்று அவர் திரும்பவும் இரண்டடி தண்ணீருக்குள் போய்விட்டார்.

கொடி இறக்கும் நேரம். எஸ்தர் டீச்சர் வரிசையாக ஸ்கார்ப்களைப் பார்த்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார். முடிச்சு அப்படியே இருந்தது.

"கோமதி, நீ செஞ்சது உதவியா, உபத்திரவமா?"

"தெரியல டீச்சர்." என் கை தானாகவே சின்னத்தின் ஊசிக்குப் போய்விட்டது.

தோப்புக்குள் பட்டம்மா வந்தாள். முந்தானையில் நாலு மீன்.

"எங்கம்மா அந்தப் புள்ள? நாளைக்கும் அனுப்பு. முதுகு சரியாப் போச்சாம், இடுப்பாண்ட இன்னும் கொஞ்சம் பாக்கி கீதாம்."

எஸ்தர் டீச்சர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்துக்கொண்டே என் முடிச்சைத் தன் கையாலேயே அவிழ்த்தார். (முதலுதவிச் சின்னத்துக்கு மட்டும் என் பெயரை அவர் கடைசிவரை அனுப்பவில்லை.)

சரோஜா இந்தக் கதையை என் கல்யாணப் பந்தியிலேயே என் கணவரிடம் ஒப்பித்துவிட்டாள். அன்று முதல் அவர் குப்புறப் படுப்பதற்கு முன், "கோமு, உசுரோடதான் இருக்கேன்" என்று அறிவித்துவிட்டுத்தான் படுப்பார். பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள். பேரன்கள் வேண்டுமென்றே அதை உரக்கக் கத்துகிறார்கள்.

போன வாரம் மத்தியானம் என் கணவர் சாப்பிட்டுவிட்டுக் குப்புறப் படுத்தார். எண்பதைத் தாண்டிவிட்டார், ஞாபகம் முன்னே மாதிரி இல்லை. அறிவிப்பு வரவில்லை. ரொம்ப நேரம் அசைவும் இல்லை. வாசற்படியில் நின்றேன். அதே வராத கால், தொண்டையில் அதே காற்று. மெதுவாகப் போய்க் கட்டை விரலால் விலாவைத் தொட்டேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் மேல" என்றார்.