மிக்சரில் விழுந்த ஜம்பர்

காலை பத்து ஐம்பது. துடியலூரில் பெண் பார்க்கப் போன வீட்டில் நான் முதலில் பார்த்தது பெண்ணை அல்ல, மூடி கழற்றிக் கிடந்த ஒரு கம்ப்யூட்டரை. தொண்ணூற்றெட்டு ஆவணி, ஞாயிற்றுக்கிழமை.

அப்போது காந்திபுரத்தில் ஒரு நாளிதழில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் கம்ப்யூட்டர்கள் இருந்தன. "பையன் கம்ப்யூட்டர்ல இருக்கறானுங்க" என்று அம்மா தரகரிடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு பிழையை மட்டும் நான் திருத்தவில்லை. (பெண்ணின் படிப்பையும் விசாரிக்கவில்லை. டிகிரி என்றார்கள், போதும் என்றிருந்தது.)

பெண்ணின் அப்பா கிரைண்டர் மோட்டார் பட்டறைக்காரர். டீப்பாயில் மிக்சர் தட்டை வைத்துவிட்டுத் தயங்கியபடி கேட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. நேத்து புதுசா சிடி டிரைவ் போட்டமுங்க. அதுவும் ஓடறதில்லீங்க, பொட்டியும் எந்திரிக்கறதில்லீங்க."

"ரெண்டு நிமிஷமுங்க" என்றேன்.

அலுவலகத்துக்கு வரும் மெக்கானிக், டிரைவின் பின்னால் அரிசி அளவே உள்ள ஜம்பர் என்ற பிளாஸ்டிக் துண்டை இடம் மாற்றியதைப் பார்த்திருக்கிறேன். எந்த இடத்துக்கு மாற்றினார் என்பதைப் பார்க்கவில்லை.

"ஹார்டுவேர் கான்ஃப்ளிக்டுங்க. ஹார்டு டிஸ்க், சிடி டிரைவ் ரெண்டும் ஒரே வயர்ல இருந்துட்டு நாந்தான் பெரியவன்னு நிக்குதுங்க. ஒண்ணு எறங்கிப் போகோணும்."

"பொருத்தம் பாக்காம சேத்துவெச்சுட்டாங்களாட்ட இருக்குது" என்றார் என் அக்கா வீட்டுக்காரர். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அம்மாவின் கொண்டை ஊசியை வாங்கி ஜம்பரை நெம்பினேன். தெறித்தது. எங்கே போனதென்று தெரியவில்லை. இரு வீட்டாரும் ஜமக்காளத்தை உதறினோம். பட்டுச்சேலை கட்டிய ஒரு பெரியம்மா சோபாவுக்கு அடியில் டார்ச் அடித்தார்.

அப்போதும் பெண்ணின் அப்பா உபசாரத்தை விடவில்லை. "மொதல்ல சாப்பிடுங்க" என்று சொல்லி, எனக்குக் கூச்சம் போகட்டும் என்று தானும் ஒரு கை மிக்சர் அள்ளி வாயில் போட்டார். மென்றார். நிறுத்தினார். வாயிலிருந்து எதையோ எடுத்து, வேட்டி நுனியில் துடைத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"ஏனுங்க, இது உங்களுதுங்களா?"

காபித் தட்டோடு வந்த பெண் அதை என் அம்மா கையில் கொடுத்துவிட்டு, ஜம்பரை வாங்கிக்கொண்டாள். டிரைவின் மேல் ஒட்டியிருந்த, ஜம்பர் இடம் காட்டும் படத்தை ஒருமுறை பார்த்தாள். செருகினாள். பெட்டி எழுந்தது. சிடி டிரைவின் விளக்கு எரிந்தது.

"எம்.சி.ஏ. கடைசி வருசமுங்க" என்றார் அப்பா, மன்னிப்புக் கேட்கிற குரலில். "காலைலயே நானே பாக்கறேன்னு சொன்னாளுங்க. சேல அழுக்காயிரும், மாப்பிள்ளையே பாக்கட்டும்னு நாந்தானுங்க சொல்லிப்போட்டேன்."

கொண்டை ஊசி இன்னும் என் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களில் அக்கா வீட்டுக்காரர் மிக்சர் தட்டை முதலில் என்னிடம்தான் நீட்டுவார். "ஏனுங்க, இதுல உங்களுது ஏதாச்சும் கெடக்குதுங்களா?"

அந்த வாரமே தரகர் வந்தார். ஜாதகம் பொருந்தவில்லை என்று பெண் வீட்டார் மிகுந்த வருத்தத்தோடு சொல்லியனுப்பியிருந்தார்கள். ஜாதகம் பொருந்திய பிறகுதான் எங்களைப் பெண் பார்க்க வரச்சொல்லியிருந்தார்கள்.