அப்பா சொன்னதாகச் சொல்லப்படும் கருத்துகள்

பெருமதிப்பிற்குரிய அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் மாமாவும் அங்கே நல்ல சுகத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா நலம், நான் நலம், வீட்டுக் கதவுகள் எல்லாம் மிக நலம். அப்பாவின் நலத்தை ஒரு வரியில் எழுத முடியாது என்பதால் நாலு தாள் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போன தடவை நீங்கள் போனில் "நல்லா இருக்கியாடி?" என்று கேட்டதற்கு நான் தலையாட்டினேன். நீங்கள் இரண்டு நிமிடம் "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிட்டீர்கள். அந்தத் தலையாட்டலுக்கு "ஆமாம் அத்தை" என்று பொருள். தாமதமாகச் சொல்வதற்கு மன்னிக்கவும்.

அப்பாவும் நானும் வேலை செய்யும் பட்டறையில் ஆகும் கதவுக் கீலெல்லாம் நீங்கள் இருக்கும் நாட்டுக்குத்தான் போகிறது. உங்கள் வீட்டுக் கதவு கிறீச்சிட்டால் எழுதுங்கள், எந்த வாரத்துச் சரக்கு என்று பார்த்துச் சொல்கிறேன். பதிலுக்கு அங்கிருந்து எங்களுக்கு இயந்திர உதிரி பாகங்கள் மரப்பெட்டியில் வருகின்றன. பாகங்கள் அடிபடாமல் இருக்க, பெட்டிக்குள் அந்த நாட்டுப் பழைய செய்தித்தாள்களைக் கசக்கித் திணித்து அனுப்புவார்கள். பெட்டியைப் பிரித்ததும் மற்றவர்கள் பாகத்தை எடுப்பார்கள், அப்பா செய்தித்தாளை எடுப்பார். நான் அதை நீவி, ஒரு டஜன் கீல் பெட்டிகளை மேலே ஏற்றி வைத்து சுருக்கம் எடுப்பேன். சாப்பாட்டு நேரத்தில் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அப்பாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி படித்துச் சொல்வேன். அந்த நாட்டு மொழிப் பாடத்தை வகுப்பில் எழுந்து நின்று சத்தமாகப் படிக்கச் சொன்னதால்தானே நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன்? ஆனால் பெட்டிக்குப் பின்னால் எனக்கு அந்த மொழி வந்தது. பட்டறையில் எனக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாது.

இப்படி ஐந்து வருடமாகப் படித்ததில் அப்பாவுக்கு உங்கள் நாட்டைப் பற்றி ஏராளமான கருத்துகள் உண்டாகிவிட்டன. செய்தித்தாள்கள் வரிசைப்படி வருவதில்லை என்பதுதான் சிக்கல். ஒரு மந்திரி சித்திரையில் வந்த பெட்டியில் ராஜினாமா செய்தார், ஆடியில் வந்த பெட்டியில் பதவி ஏற்றார். அப்பா வெகுநேரம் யோசித்துவிட்டு, "அதான் அவன் முன்னேறிட்டான். வேலைய விட்டுப் போறவன் எப்படின்னு முதல்ல பாத்துட்டு, அப்புறமாத்தான் சேர்க்கிறான்" என்றார். அங்கே நடந்த ஒரு தேர்தலை நாங்கள் பதினோரு மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். முடிவு வரவேண்டிய பெட்டியில் முழுக்க விளையாட்டுப் பக்கம். யார் ஜெயித்தார்கள் என்று உங்களிடம் கேட்கலாமா என்றேன். அதற்கு அப்பா, "அக்காவுக்கு அந்த நாட்டைப் பத்தி என்ன தெரியும்? அவ அங்க இருக்கா, அவ்வளவுதானே" என்றார். இதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மரியாதையாகத்தான் சொன்னார்.

பால் தீர்ந்தால் தானே அறிவிக்கும் குளிர்சாதனப் பெட்டியைப் பற்றிப் படித்த அன்று வீட்டுக்கு வந்து, "அதைத்தான் உங்கம்மா தினம் காலைல அறிவிக்கிறாளே, கரண்ட் இல்லாமலே" என்றார். அம்மா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "அந்தப் பெட்டி போய் பால் வாங்கிட்டு வருமான்னு கேளு. இங்க இருக்கறதும் வாங்கிட்டு வர மாட்டேங்குது" என்றாள். இன்னொரு பெட்டியில், நாலாயிரம் பேர் வேலை செய்த தொழிற்சாலையை மூடினார்கள், உடனே அந்தக் கம்பெனியின் பங்கு விலை ஏறியது என்று இருந்தது. அன்று அப்பா சிரிக்கவில்லை. கையில் சாப்பாடு காய, "மூடினா விலை ஏறுதுன்னா, அந்த நாலாயிரம் பேரும் இவ்வளவு நாள் என்னத்த செஞ்சாங்கன்னு நெனச்சிருக்கான்?" என்றார். அதை மட்டும் இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு நாளுக்கு முன், எங்கள் கீலை வாங்கும் கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி பட்டறையைச் சோதிக்க வந்தார். வருடா வருடம் யாராவது வருவார்கள். முதலாளியின் மருமகன் மொழிபெயர்ப்பார். அதிகாரி கேட்பதற்கெல்லாம் நாங்கள் "நல்லா ஓடுதுங்க" என்போம், அவர் தாளில் ஒரு குறி போட்டுக்கொண்டு போய்விடுவார். அந்தத் தாள் நல்லபடி இருந்தால்தான் அடுத்த வருட ஆர்டர். ஆர்டர் வந்தால்தான் பேக்கிங்கில் இருக்கிற இருபத்தேழு பேருக்கும் வேலை. இந்த வருடம் பார்த்து மருமகனுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, கன்னம் ஒரு பக்கம் பன் மாதிரி வீங்கிவிட்டது. முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அப்போதுதான் அப்பா பெருமை தாங்காமல், "என் பொண்ணுக்கு அந்த மொழி தண்ணி பட்ட பாடுங்க" என்று சொல்லிவிட்டார்.

"யாரு, பூட்டா?" என்றார் முதலாளி. "அது நம்ம மொழியே பேசாதேய்யா!"

"அந்த மொழிக்காகத்தாங்க சேத்து வச்சிருக்கா" என்றார் அப்பா.

அத்தை, எனக்குக் காய்ச்சல் வந்தால் தேவலை என்று இருந்தது. அதுவும் வரவில்லை. அதிகாரி வந்தார். குழல்விளக்கில் தலை இடிக்கிற உயரம், நல்ல மனிதர், என்னைப் பார்த்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். அப்போதுதான் ஒரு உண்மை உறைத்தது. எனக்குத் தெரிந்த அந்த மொழி முழுக்கச் செய்தித்தாளில் படித்தது. வீட்டில், கடையில் மனிதர்கள் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆகவே, "நிலைமை கட்டுக்குள் இருப்பதாகத் தகவல்" என்றேன். அவர் ஒரு கணம் திகைத்து, பிறகு முகம் கழுவ இடம் எங்கே என்றார். "அப்பகுதிக்குச் செல்லும் பாதை தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது, மாற்றுப் பாதையைப் பயன்படுத்துமாறு பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று சொல்லிப் பின்பக்கம் கை காட்டினேன். தேநீர் வேண்டுமா என்று முதலாளி அவரிடம் கேட்கச் சொன்னதை, "தேநீர் குறித்து உங்கள் தரப்பு இதுவரை மௌனம்" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். முதலாளிக்கு மகிழ்ச்சி. "பூட்டு என்னம்மா பேசுது பாரு" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

அப்புறம் பேக்கிங் பிரிவுக்கு வந்தோம். பெட்டியை மூடி ஒட்டுகிற இயந்திரம் உங்கள் நாட்டில் செய்ததுதான். அதன் முன்னால் நின்று அதிகாரி, பிரிவுக்குப் பொறுப்பானவர் என்ற முறையில் அப்பாவைப் பார்த்து, "இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அப்பாவின் கருத்தை யாரும் கேட்டதில்லை. கேட்காமலேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா வாயைத் திறந்தார். நான் மொழிபெயர்த்தேன். சொல்லப்பட்டவை என்னவென்றால், நிலவுக்குப் பெட்டி அனுப்புகிற நாடு கீல் பெட்டி ஒட்ட ஒரு இயந்திரம் செய்து, அதை அவசரத்துக்கு நிறுத்துகிற சிவப்புப் பொத்தானைத் தன் ஊர் ஆம்பளை உயரத்தில் வைத்திருக்கிறது, இங்கே நிற்கிற பெண்கள் அதை எட்ட வேண்டுமானால் குதிக்க வேண்டும், அவசரத்தில் குதிப்பதற்குத் தனியாகப் பயிற்சி ஒன்றும் கொடுக்கப்படவில்லை. ஆளில்லாத வண்டி விடுகிறீர்கள், சந்தோஷம், ஆனால் இயந்திரம் செய்யும்போதும் ஆளில்லை என்றே நினைத்துச் செய்தால் எப்படி? போன மாதம், பாடிக்கொண்டே பெட்டி ஒட்டுகிற எங்கள் பாட்டு அக்காவின் இடது கை விரல் இதில் மாட்டியபோது, பொத்தான் எட்டுகிறவர் பட்டறையின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வர வேண்டியிருந்தது. உங்கள் அவையில் ஒரு பாலத்துக்காக நாற்பது நாள் பேசுகிறீர்கள், ஒரு பொத்தானைக் கீழே இறக்க எத்தனை நாள் பேசுவீர்கள்? தொழிற்சாலையை மூடினால் விலை ஏறுகிற நாட்டில், விரல் போனால் எது ஏறும்? இவ்வளவும் சொல்லப்பட்டன. தலைப்புச் செய்திகளாகச் சொல்லப்பட்டதால் கொஞ்சம் காரமாகவே இருந்திருக்கும்.

இயந்திரச் சத்தத்தில் அப்பா சொன்னது காதில் விழாத முதலாளி என் காதருகே வந்து, "அவரு ஏதோ ஒரு வரிதானேம்மா சொன்னாரு, நீ என்ன மூச்சு விடாம பேசறே?" என்றார். "அவங்க மொழியில சொன்னா நீளமா வருதுங்க" என்றேன். அதிகாரி இயந்திரத்தின் முன் போய், முழங்காலை மடக்கி எங்கள் உயரத்துக்கு இறங்கி நின்று, பொத்தானுக்குக் கையை நீட்டினார். எட்டவில்லை. பிறகு நாலு பக்கம் எழுதிக்கொண்டு தேநீர் குடிக்காமல் போய்விட்டார். மூன்றாம் நாள் கன்னம் வற்றிய மருமகன், வந்த மின்னஞ்சலைப் படித்தார். அறிக்கை பரிசீலனையில் உள்ளதாம், மறு தகவல் வரும்வரை ஆர்டர் நிறுத்திவைப்பாம். அறிக்கையில் என்னென்ன இருக்கிறது என்பதையும் படித்தார். முதலாளி அப்பாவைக் கூப்பிட்டு, "அவங்க நாட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டு அவங்க நாட்டையே நாறடிச்சிருக்கியேய்யா! பதில் வர்ற வரைக்கும் இந்தப் பக்கம் வராதே" என்றார்.

அதிலிருந்து ஒன்பது நாளாக அப்பா வீட்டில் இருக்கிறார். எல்லாக் கதவையும் கழற்றி, கீலுக்கு எண்ணெய் போட்டு, மறுபடி மாட்டிவிட்டார். மாட்டியதை மறுநாள் மறுபடி கழற்றுகிறார். நேற்று அம்மா குளிக்கப் போனபோது குளியலறைக்குக் கதவே இல்லை. அதற்குக்கூட அம்மா திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பா ஒன்பது நாளாக எந்த நாட்டைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை அத்தை. நேற்று அம்மா பொறுக்க முடியாமல், "ஏங்க, ஏதாவது ஒரு நாட்டையாவது திட்டுங்களேன், வீடு வீடாவே இல்ல" என்றாள். அப்பா திருப்புளியைத் துடைத்து வைத்துவிட்டு, "எல்லா நாடும் நல்லாத்தான் நடக்குது" என்றார். அம்மா உள்ளே போய் அழுதாள். பட்டறையில் பெண்கள் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை, ஆனால் சாப்பாட்டு நேரத்தில் நானும் கூட உட்கார நகர்ந்து இடம் விடுகிறார்கள்.

ஆகவே உங்களை ஒன்று கேட்கத்தான் இவ்வளவும். அந்தக் கம்பெனியின் தலைமை அலுவலக விலாசத்தை மரப்பெட்டியின் பக்கவாட்டிலிருந்து எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் லீவு போட்டுவிட்டு ஒரு நடை போய் வர வேண்டும். இங்கிருப்பவர் உங்கள் நாட்டின் மீது அளவில்லாத மதிப்பு உள்ளவர் என்றும், அவர் புகழ்ந்து சொன்னதைப் படிப்பை நிறுத்திய ஒரு சிறுபெண் தப்பும் தவறுமாக மொழிபெயர்த்துவிட்டாள் என்றும், அவளுக்கு அந்த மொழியில் பொய் சொல்லவோ இனிக்கப் பேசவோ தெரியாது என்றும் எடுத்துச் சொல்லி, எங்கள் எல்லோர் சார்பிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். உங்களையும் வெளியாள் என்றுதான் வாசலில் நிறுத்துவார்கள், தெரியும். இருந்தாலும் பத்தொன்பது வருட வெளியாள் அல்லவா, ஒரு நாற்காலியாவது போடுவார்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்து, நீங்கள் இருவரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். அம்மாவும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள். பெரியவர்கள் நீங்கள்தான் எனக்கு நல்ல புத்தி வர வாழ்த்த வேண்டும்.

உங்கள் அன்புக்கு என்றும் அடங்கிய,
தம்பி மகள்

பி.கு.: அத்தை, உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்தேன். மேலே எழுதியதில் ஒரு இடத்தைத் திருத்த வேண்டும், அதைத் திருத்தினால் மற்றதும் நிற்காது. அன்று அந்த அதிகாரி கருத்துக் கேட்டபோது அப்பா சொன்னது ஒரே ஒரு வரி. "நல்லா ஓடுதுங்க." அவ்வளவுதான். ஐந்து வருடக் கருத்தையும் உள்ளேயே வைத்துக்கொண்டு இயந்திரத்தின் மேல்மூடியைத் துடைத்தார். மீதி முழுக்க நான் பேசினது. பாட்டு அக்காவின் விரல் மாட்டியபோது பக்கத்தில் நின்றவள் நான்தான். கையும் எட்டவில்லை, குரலும் வரவில்லை. அன்று வராத குரல் அந்த அதிகாரியின் முன்னால் வந்துவிட்டது. வந்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பா, "என்ன சொன்னே?" என்று கேட்டார். ஒன்று விடாமல் சொன்னேன். "அந்த நாலாயிரம் பேர் விஷயமுமா?" என்றார். "அதுவும்தான்பா" என்றேன். தெருமுனை திரும்பும்போது, "யார் கேட்டாலும் நான் சொன்னதுன்னே சொல்லு. நான் சொல்ல வேண்டியதுதானே அது" என்றார். முதலாளி கேட்டபோதும் "நான்தாங்க சொன்னேன்" என்று தலையை நிமிர்த்திச் சொன்னார். நாளைக் காலை நானே முதலாளியிடம் போய் நடந்ததைச் சொல்லப் போகிறேன். எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது என்பதற்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

அதனால் நீங்கள் அந்த அலுவலகத்துக்குக் கட்டாயம் போங்கள். ஆனால் மன்னிப்புக் கேட்க வேண்டாம். மொழிபெயர்ப்பில் தப்பு இல்லை, மொழிபெயர்ப்பே இல்லை. கருத்தில் ஒன்றைக்கூடத் திரும்ப வாங்கிவிடாதீர்கள். ஆளை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள்.