சாத்துக்குடிக் குணகம்

எங்கள் தெருவில் ஒருவர் தும்மினால் அந்தத் தும்மல் எந்தெந்த வீட்டுக்குள் புகுந்து, கடைசியில் யார் மூக்கில் போய் நிற்கும் என்பதை, அவர் கைக்குட்டையை எடுப்பதற்குள் சொல்லிவிடக் கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் நாமக்கல்லில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் தெருவில், பச்சை கேட் போட்ட வீட்டில் குடியிருக்கிறார். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. சமன்பாட்டு சார் என்றால் பால்காரர்கூட வீட்டைக் காட்டுவார்.

ஒரு பொறியியல் கல்லூரியில் கணக்கு வாத்தியார். மனிதர்களை அவர் மனிதர்களாகப் பார்த்து நான் கண்டதில்லை. எல்லோரும் புள்ளிகள்தான். கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அந்த ரசம் ஊத்தற புள்ளி எத்தன எலையத் தொடுது பாருங்க" என்பார். எனக்கு ரசம் இறங்காது. எச்சில் தொட்டு டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் என்றால் பஸ்ஸையே விட்டுவிட்டு நடந்து வருவார். இதெல்லாம் கொரோனா என்ற பெயரை யாரும் கேள்விப்படுவதற்கு வெகுகாலம் முன்பு. அப்போது தெருவே அவரைப் பார்த்துச் சிரித்தது. அது வந்த பிறகு சிரிக்கத் தெம்பில்லை.

அவருடைய புள்ளிப் பைத்தியத்துக்கு ஒரு காரணம் இருந்தது. மனைவி சரசக்காவுக்கு இழுப்பு. சாதாரணச் சளி பிடித்தாலே மூச்சு விசிலடிக்கும். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும். இந்தப் புதுக் காய்ச்சல் வந்தால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சார் போட்ட கணக்கெல்லாம் அந்த ஒரு மூச்சைக் காப்பாற்றத்தான்.

கொடுமை என்னவென்றால், எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் பை நிறையச் சாத்துக்குடியோடு முதலில் போய் நிற்பவர் அதே சரசக்கா. "ஏஞ்சாமி, காச்சலாமா? கஞ்சி குடிச்சியா?" என்று நெற்றியில் கையை வைத்துப் பார்த்தால்தான் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். எங்கள் பக்கத்தில் காய்ச்சல்காரரைப் போய்ப் பார்க்காமல் இருப்பது குற்றம். சாவுக்குப் போகாமல் இருப்பதற்கு மன்னிப்பே கிடையாது. பேரன் கல்யாணம் வரைக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

ஊரடங்கு போட்டதும் சார் தன் வீட்டு மதிலின் உட்புறத்தில் சாக்பீஸால் தெருவை வரைந்தார். வீட்டுக்கு ஒரு புள்ளி. யார் எந்த வீட்டுக்குப் போகிறார்களோ அதற்கெல்லாம் ஒரு கோடு. என்னைக் கேட்டுக்கு வெளியே நிற்கவைத்துப் பாடம் நடத்தினார்.

"நோவு வந்தவரு சராசரியா ஒருத்தருக்கும் கம்மியாக் குடுத்தா, அது தானா அணைஞ்சு போயிருமுங்க. காச்சல்னு தெரிஞ்சா சனங்க பயந்து ஒதுங்குவாங்க. கோடு கொறையும். நம்ம தெரு சீக்கிரம் சுத்தமாயிரும் பாருங்க."

ஆகவில்லை. நோயாளிகளின் எண்ணிக்கைக்கு அவர் போட்டிருந்த வளைகோடு இறங்குவதற்குப் பதில் ஏறியது. புத்தகத்தில் வருகிற மனிதர்கள் காய்ச்சல் என்றால் ஒதுங்குவார்களோ என்னவோ, எங்கள் தெருக்காரர்கள் நெருங்கினார்கள். அதுவரை எட்டிப் பார்க்காதவர்கள்கூடப் பழத்தோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்கள். போலீஸ் கண்ணில் படாமல் கொல்லைப்புறமாக வந்தார்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு வந்து, பேசும்போது மட்டும் மரியாதைக்காகக் கழற்றினார்கள்.

சார் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு எழுந்து சமன்பாட்டில் புதிதாக ஒரு எழுத்தைச் சேர்த்தார். அதற்குச் சாத்துக்குடிக் குணகம் என்று பெயர். நோய் முற்ற முற்றப் பார்க்க வருகிற கூட்டம் எவ்வளவு பெருகும் என்பதற்கான அளவு அது. "எந்த வெளிநாட்டுக்காரனுக்கும் இது தோணியிருக்காதுங்க" என்று அந்தத் துயரத்திலும் கொஞ்சம் பெருமைப்பட்டார்.

எதிர்வீட்டுக்காரருக்கு ஊருக்கு வெளியே முட்டைக்கோழிப் பண்ணை. அங்கே வாசலில் மருந்துத் தண்ணீரில் காலை நனைக்காமல் சொந்த மாமனாரே உள்ளே போக முடியாது. சார் அந்தப் பண்ணைக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, கோழிக்குக் காட்டற அக்கறைய மனுசனுக்குக் காட்டக் கூடாதுங்களா? ஊட்டுக்குள்ள ஆள உடாம இருங்களேன்."

"கோழி கோவிச்சுக்காதுங் சார்," என்றார் பண்ணைக்காரர். "மச்சான் கோவிச்சுக்குவானுங்களே!"

சார் அன்றைக்கே தன் கேட்டுக்குள் ஒரு தகரத் தட்டத்தை வைத்துப் பெர்மாங்கனேட் கரைத்து ஊற்றினார். உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் காலை நனைத்தே தீரவேண்டும். ஊதாத் தண்ணீர்; காய்ந்தால் காப்பிக் கறை. காலால் இந்த நோய் பரவாது என்பது அவருக்கும் தெரியும். அவர் நோக்கம் வேறு. அவர் வீட்டிலிருந்து கிளம்பிய கால் எந்தெந்த வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியிருக்கிறது என்று சாயங்காலம் தெருவில் நடந்து பார்த்துவிட்டு மதிலில் கோடு போடுவார். எல்லாத் தடமும் ஒரே அளவு. சின்னப் பாதம், மெட்டி போட்ட விரல் மட்டும் கொஞ்சம் விலகியிருக்கும்.

அதிலிருந்துதான் அவர் தன் பெரிய கண்டுபிடிப்பைச் செய்தார். எங்கள் தெருவில் யாரும் தாமாக ஒரு வீட்டுக்குப் போவதில்லை. முதலில் சரசக்கா போவார். சரசே போய்விட்டாள், நாம் போகாவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று அடுத்தவர் போவார். அவரைப் பார்த்து மற்றவர்கள். முதல் ஆளை நிறுத்தினால் தெருவே நின்றுவிடும். அன்று மனைவியை மதிலுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"ஏம்புள்ள, நீ போனா எல்லாரும் போறாங்க. நீ நின்னா எல்லாரும் நிப்பாங்க. கணக்கு அப்படித்தான் சொல்லுது."

அக்கா அத்தனை கோடுகளையும் அண்ணாந்து பார்த்தார். "அத்தன பெரிய ஆளுங்களா நானு?"

"ஆமா."

"அப்புறம் எதுக்குங்க இத்தன வருசமா சட்னில உப்பில்லைன்னு என்னைய வைஞ்சீங்க?"

அக்கா சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு கேட்டைத் தாண்டவில்லை. கேட்டுக்குள் நின்றபடியே, "ஏஞ்சாமி, தேவலையா?" என்று தெருவுக்குப் பொதுவாக ஒரு குரல் கொடுப்பார். கணக்கு பலித்தது. சரசக்கா நின்றதும் பண்ணைக்காரர் நின்றார், பட்டறைக்காரர்கள் நின்றார்கள், தெருவே நின்றது. சாத்துக்குடி விற்ற தள்ளுவண்டி எங்கள் பக்கம் வருவதை விட்டுவிட்டது. வளைகோடு மடமடவென்று இறங்கியது. சார் முதல்முறையாகத் தலைநிமிர்ந்து நடந்தார்.

அப்போதுதான் ஒரு விடிகாலையில் சரசக்காவுக்கு இழுப்பு வந்தது. பழைய இழுப்புதான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அந்த நோய் இல்லை என்று சோதித்துச் சொல்லி உடலை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சார் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை நடுவே இடம்விட்டுத் தானே அளந்து போட்டார். ஒருவரும் வரவில்லை. கேட்டுக்கு வெளியே வந்து நின்று, "இது அது இல்லீங்க. பழைய இழுப்புத்தானுங்க" என்று தெருவைப் பார்த்துச் சொன்னார். சன்னல்களில் முகங்கள் தெரிந்தன. பண்ணைக்காரர் மொட்டை மாடியிலிருந்து கைகூப்பினார். நான் என் வாசற்படி வரைக்கும் வந்தேன். அடுத்தவர் இறங்கட்டும் என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சாவுக்கும் தவறாத மனுஷிக்கு வெயிலில் காலி நாற்காலிகள்தான் துணை இருந்தன.

ஊரடங்கு தளர்ந்த பிறகு மொத்தத் தெருவும் துக்கம் விசாரிக்கப் போனோம். தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். திட்டுவார் என்று நினைத்தோம்; திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவர் வகுப்பு எடுக்கிற குரலில் பேசினார்.

"உங்க மேல தப்பில்லீங்க. கணக்கு சரியாத்தான் வந்திருக்குது. மொத ஆளு போகோணும், அப்பத்தான் மத்தவங்க போவாங்க. மொத ஆளு அவதானுங்களே. அவ எழவுக்கு அவளே எப்படிங்க மொதல்ல வருவா?"

பண்ணைக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

இப்போது கொரோனாப் பேச்சே யாரிடமும் இல்லை. மதிலில் இருந்த கோடுகளை மழை கழுவிவிட்டது. தகரத் தட்டம் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. தினமும் காலையில் சார் புதிதாகக் கரைத்து ஊற்றுகிறார். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். யாருக்கும் சொல்லவில்லை, இருமல் சத்தம் தெருவைத் தாண்டியிருக்க வேண்டும். கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. மாஸ்க்குக்கு மேல் மாஸ்க் போட்டுக்கொண்டு, சாத்துக்குடிப் பையைத் தள்ளிப் பிடித்தபடி சமன்பாட்டு சார் நின்றார்.

"நீங்க எந்திரிக்காதீங்க, எட்டியே இருங்க" என்று சொல்லிக்கொண்டே கட்டிலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். "கஞ்சி குடிச்சீங்களா?" பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, என் நெற்றியில் கையை வைத்தார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் பண்ணைக்காரர் வந்தார். சாயங்காலத்துக்குள் தெருவே வந்துவிட்டது.

எல்லோரும் போன பிறகு, வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் வெள்ளை டைல்ஸில் விழுந்திருந்த காப்பிக் கறைத் தடங்களைப் பார்த்துவிட்டு என் மனைவி ஈரத்துணியை எடுத்து வந்தாள். துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.