முதுகு சாயாத முதல் வகுப்பு

காஞ்சிபுரம்,
9-3-1969

சிரஞ்சீவி ஜீவகுமாருக்கு,

அக்கா குணமாலா எழுதுவது. ஜினேந்திரர் அருளால் நான் நலம், வீடு நலம், மேற்குப் பக்கத்து ஓடு மட்டும் நலமில்லை. அங்கே உன் நலத்தையும், நீ மணக்கப்போகிற டாக்டர் மார்கரெட்டின் நலத்தையும், அவளுடைய தாயாருக்கு மூட்டுவலி தணிந்த செய்தியையும் எதிர்பார்க்கிறேன்.

லண்டனிலிருந்து நீ அனுப்பிய விமான டிக்கெட் வந்து சேர்ந்தது. நன்றி. அது எக்கானமி வகுப்பு என்பதை உறையைப் பிரித்தவுடனே பார்த்தேன். பார்த்துவிட்டு மறுபடியும் உறைக்குள்ளேயே வைத்துவிட்டேன். நீ ஆஸ்பத்திரியில் இரவு பகலாக நின்று சம்பாதித்த பணத்தைக் குறை சொல்வதாக நினைக்காதே. அம்மா போன பிறகு உனக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் நான். நீ கல்யாணத்துக்குச் சம்மதிக்க ஐம்பத்துமூன்று வருஷம் எடுத்துக்கொண்டாய். அதற்குப் பிறகும், அக்கா பக்கத்தில் வந்து நிற்காமல் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். பெண் வீட்டார் எல்லாரும் விமான நிலையத்துக்கு வந்து நிற்பார்கள் என்றும் நீதான் எழுதியிருக்கிறாய். அவர்கள் கண்ணெதிரே முன்பக்கப் படியில் யார் யாரோ இறங்க, மாப்பிள்ளையின் ஒரே அக்கா வால்பக்கத்துப் படியில் பையும் குடையுமாக இறங்குவது நம் குடும்பத்துக்கு அழகில்லை. நான் முதல் வகுப்பில்தான் வருவேன். அதற்காக நீ ஒரு பவுண்டு கூட அதிகம் அனுப்பக் கூடாது. குறைந்த விலையில் முதல் வகுப்பு கிடைக்கும்வரை கல்யாணத் தேதியைக் குறிக்கவும் விடுவதில்லை.

இப்படி முடிவு செய்துகொண்டு, போன மாதம் முதல் வாரத்தில் பொன்னியம்மாளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ்ஸில் சென்னைக்குப் போனேன். பொன்னியம்மாளை உனக்குத் தெரியாது. ஐயம்பேட்டையிலிருந்து வந்து எனக்குச் சமையலில் உதவுகிறவள், வாய் மட்டும் அவளுக்குச் சொந்தம். மவுண்ட் ரோட்டில் டிக்கெட் ஆபீஸில் பரசுராமன் என்றொருவர் டை கட்டிக்கொண்டு இங்கிலீஷில் வரவேற்றார். நான் காஞ்சிபுரம் என்றதும் அவர் தம் ஊர் பக்கத்து முசரவாக்கம் என்றார், அதோடு இங்கிலீஷ் போய்விட்டது. "நம்ம கையில இன்னாம்மா இருக்குது? உலகம் பூரா ஒரே ரேட்டு. ஒரு பைசா கொறச்சா கம்பெனிக்கே அபராதம்" என்றார். நான் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்ததால் கலங்கவில்லை. லண்டனில் இறங்குவதுதான் எனக்கு முக்கியம். ஆகவே ரோம் நகரம் வரை பின்னால் உட்கார்ந்து வருகிறேன், ரோமிலிருந்து லண்டனுக்கு மட்டும் முன்னால் போகிறேன், அந்தத் துண்டுக்கு மட்டும் முதல் வகுப்பு விலை போடுங்கள் என்றேன். பரசுராமன் இருபது வருஷ சர்வீஸில் இப்படி ஒருவரும் கேட்டதில்லை என்று எழுந்து நின்றே தடித்த புத்தகத்தைப் புரட்டினார். வழி இருந்தது, இடம்தான் இல்லை; ரோமில் ஏறுகிறவர்கள் கோடைகாலம் முழுவதும் முன்பகுதியை நிரப்பி வைத்திருக்கிறார்களாம்.

அடுத்ததாக, முதல் வகுப்பு விலையில் ராத்திரி விருந்தும் மதுவகையும் சேர்ந்திருப்பதைச் சுட்டிக் காட்டினேன். நாங்கள் ஜைனர்கள், மதுவைத் தொடுவதில்லை, அஸ்தமனத்துக்குப் பிறகு ஆகாரமும் கிடையாது, எனவே அந்த இரண்டையும் விலையில் கழித்துவிடுங்கள் என்றேன். "எந்த ஊரு அஸ்தமனம்மா?" என்றார் பரசுராமன். "பிளேனு மேற்கால போவுது, சூரியனும் மேற்கால போவுது. ரெண்டும் ஜோடியா போய்க்கினு இருந்தா நீங்க பொழுது சாயறதுக்குள்ள நாலு வாட்டி சாப்பிடலாமே." கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடுவார் போல இருந்ததால் அந்தப் பேச்சை நானே நிறுத்திக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் பொன்னியம்மாள் தன் மகள் கல்யாணப் புடவையைப் பற்றி ஆரம்பித்தாள். நமச்சிவாயம் கடையில் வாங்கியதாம். அசல் பட்டு, அசல் சரிகை, ஒரே ஒரு இடத்தில் நெய்யும்போது இழை அறுந்து கோடு விழுந்திருந்ததாம். கோடு கொசுவத்துக்குள் மடிந்து போய்விடும் என்பதைக் கண்டுகொண்டு, டேமேஜ் விலைக்கே கொண்டுவந்துவிட்டாளாம். "சம்பந்திங்க தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கினு இருந்தாங்கம்மா, ஒருத்தரு கண்ணுலயும் படல" என்றாள். நான் பஸ்ஸிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த ஊரில் பிறந்தவளான எனக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

மறு வாரம் மீண்டும் போய், "உங்கள் கம்பெனியில் பழுதான முதல் வகுப்பு நாற்காலி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டேன். பரசுராமன் பேனாவை மூடி வைத்தார். "உடஞ்ச சீட்ட வச்சி யாரும்மா பிளேனு ஓட்டுவாங்க?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் பொன்னியம்மாள், "ஏம்பா, எங்க ஊர்ல டேமேஜ் புடவய கட்டிக்கினு கல்யாணமே நடக்குது. ஒரு நாற்காலியில குந்திக்கினு போவ முடியாதா? மிஷினு கெட்டாதான் தப்பு, குந்துற மணை கெட்டா இன்னா?" என்றாள். ஆபீஸில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் கேட்டு உள்ளிருந்து பெரிய அதிகாரி வந்தார். நான் இங்கிலீஷில் முழுவதையும் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, மெதுவாக, "இருக்கிறது மேடம்" என்றார்.

லண்டன் போகிற விமானங்களில் ஒன்றில், முன்பகுதி மூன்றாம் வரிசையில் ஒரு நாற்காலிக்கு முதுகு சாயாதாம். முழு விலை கொடுப்பவர்கள் சண்டைக்கு வருகிறார்கள் என்று மூன்று மாதமாக அதை யாருக்கும் விற்பதில்லையாம். விலையைக் குறைக்கத்தான் சட்டம் இடம் கொடுக்காது. ஆனால் விற்காத நாற்காலியில் எக்கானமி டிக்கெட்காரர் ஒருவரை உட்காரவைக்கத் தடையில்லையாம். "ஆனால் லண்டன் வரை நிமிர்ந்தே உட்கார வேண்டும், உங்களால் முடியுமா?" என்றார். கான்வென்டில் எட்டு வருஷம் என் முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவில் மதர் அகதாவின் அடிக்கோல் இருந்தது, சாய்கிற நாற்காலியைக் கொடுத்தால்தான் எனக்குப் பழுது என்றேன். அவர் கைகூப்பினார். பம்பாய்த் தலைமை ஆபீஸின் ஒப்புதலும் நேற்றுத் தபாலில் வந்துவிட்டது: மே மாதம் ஏழாம் தேதி, மூன்றாம் வரிசை.

ஆகவே கல்யாணத் தேதியை மே பன்னிரண்டுக்குக் குறிக்கலாம். மார்கரெட்டின் தாயாரிடம் நான் முதல் வகுப்பில் வருகிறேன் என்று மட்டும் சொல், முதுகு விவரம் வேண்டாம். உன் சிநேகிதர்கள் யாராவது முழு விலை கொடுத்து முன்னால் உட்கார்ந்தால், அவர்களுக்குச் சாமான் வாங்கத் தெரியவில்லை என்று என் பெயரால் சொல்லலாம். பழுது எங்கே இருக்கிறது, அது நமக்குப் பழுதுதானா என்று கேட்டு வாங்க வேண்டும். நீ டாக்டருக்குப் படித்தாயே தவிர இதைப் படிக்கவில்லை.

நீயும் அவளும் நோய் நொடியில்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு, நெடுங்காலம் வாழ வேண்டும். குளிருக்குக் கழுத்துத் துணி கட்டிக்கொள்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அக்கா
குணமாலா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பரசுராமனிடமிருந்து தந்தி. பம்பாயில் யாரோ அந்த நாற்காலியைப் பழுது பார்த்துவிட்டார்களாம். இப்போது நன்றாகச் சாய்கிறதாம். முழு விலைக்கு உடனே விற்றும் விட்டதாம். நாற்காலி சரியானதற்காகக் கம்பெனி என்னிடம் மிகவும் வருந்துகிறது. அதே விமானத்தில் பின்னால் இருபத்தெட்டாம் வரிசை இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். "அவசரப்படாதம்மா, இன்னொண்ணு கெட்டுப்போவாமலா இருக்கும்? பொறுத்துப் பாக்கலாம்" என்கிறாள் பொன்னியம்மாள். அந்த இருபத்தெட்டாம் வரிசையே போதும் என்று நான் பதில் தந்தி கொடுத்துவிட்டேன். தேதியை மாற்றாதே. உனக்கு ஐம்பத்துமூன்று வயதாகிறது. இன்னொரு நாற்காலி உடையும்வரை அந்தப் பெண்ணைக் காக்க வைப்பது நியாயமில்லை.